உடன்போக்கும் மணப்பொழுதும்: வெட்டவெளி மணச்சடங்கிற்குச் சிறுபொழுது தேர்தல் – சங்க மரபு முதல் சுக்கிலநத்தம் வரை

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோர் கொடுக்கப் பெறாத காதலர் தம் மணத்தை நாளின் எப்பொழுதில் நிகழ்த்துகின்றனர், ஏன் அப்பொழுதைத் தேர்கின்றனர் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியத்தின் சிறுபொழுதுக் கோட்பாடு, நற்றிணை, அகநானூறு, ஐங்குறுநூறு ஆகியவற்றின் உடன்போக்கு, வதுவைப் பாடல்கள், வள்ளி திருமணக் கதைமரபு என்பன முதற்பகுதிக்கு அடிப்படையாகின்றன. விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928ஆம் ஆண்டு நிகழ்ந்த முதல் சுயமரியாதைத் திருமணமும், அதன்பின் மணச்சட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்களும் இரண்டாம் பகுதிக்கு அடிப்படையாகின்றன. காரியாபட்டி வட்டாரத்தின் கதிர்நிலையும் பருவநிலையும் இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் புறச்சான்றாகக் கொள்ளப்படுகின்றன. பொழுதுத் தேர்வு என்பது யார் காணவேண்டும், யார் காணலாகாது என்பதைப் பற்றிய தேர்வே என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உடன்போக்கு, சிறுபொழுது, விடியல், வதுவை, சிலம்புகழி நோன்பு, ராகுகாலம், சுயமரியாதைத் திருமணம், சுக்கிலநத்தம், காரியாபட்டி.

முன்னுரை

அகத்திணை ஆய்வுகளில் உடன்போக்கு பெரும்பாலும் நிலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. சுரத்தின் வெம்மை, ஆறலை கள்வர், நற்றாயின் இரங்கல், செவிலியின் தேடல் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பொழுது என்பதோ, முதற்பொருளின் ஒரு கூறு என்னும் அளவில் பட்டியலிடப்பட்டு விடப்படுகிறது. ஆனால் உடன்போகும் இருவருக்குப் பொழுது என்பது பட்டியற் செய்தி அன்று. எப்பொழுதில் இல்லம் நீங்குவது, எப்பொழுதில் வழி நடப்பது, எப்பொழுதில் மணம் கொள்வது என்னும் மூன்று முடிவுகளையும் அவர்கள் எடுத்தாக வேண்டும். ஒன்றில் பிழைத்தால் மற்ற இரண்டும் கெடும்.

இக்காலத்தும் இந்நிலை மாறவில்லை. சாதி கடந்த காதல் மணத்தில் இல்லம் நீங்கும் நேரமும் மணம் நிகழும் நேரமும் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையனவாக உள்ளன. ஆகவே இவ்வினா இலக்கிய வினா மட்டுமன்று, சமூக வினாவும் ஆகும். கட்டுரையில் ‘வெட்டவெளி’ என்பது மண்டபக் கூரையோ கோயிற் கருவறை முன்மண்டபமோ இல்லாத திறந்த இடத்தையும், வீட்டின் முன்னே இடப்படும் பந்தலையும் குறிக்கும்.

சிறுபொழுதுக் கோட்பாடும் உடன்போக்கும்

தொல்காப்பிய அகத்திணையியல் ஒவ்வொரு திணைக்கும் பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் வகுக்கிறது. மாலை முல்லைக்கும், யாமம் குறிஞ்சிக்கும், வைகறையும் விடியலும் மருதத்திற்கும், எற்பாடு நெய்தலுக்கும், நண்பகல் பாலைக்கும் உரியன. சிறுபொழுது ஆறு எனக் கொண்டால் ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம் ஆகும். ஐந்து எனக் கொள்வாரும் உளர். எற்பாடு என்பது ஞாயிறு படும் பொழுதா, எழும் பொழுதா என்பதிலும் உரையாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

உடன்போக்கு பாலைத்திணையுள் அடங்கும். ஆகவே இலக்கணப்படி அதன் சிறுபொழுது நண்பகல். இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. காதலர் நண்பகலில் இல்லம் நீங்குவதில்லை. நண்பகலில் ஊர் விழித்திருக்கும், வழி எரியும். எனில், இலக்கணம் நண்பகல் என்றது எதனை? வழியிடைத் துன்பத்தை எனக் கொள்வதே பொருந்தும். இருவரும் சுரத்தின் நடுவே நிற்கும் பொழுதே நண்பகல். புறப்பாட்டுப் பொழுதும் மணப்பொழுதும் வேறு. இவ்வேறுபாட்டைக் கருதாமல் ‘உடன்போக்கின் பொழுது நண்பகல்’ எனப் பொதுப்படக் கூறிவிடுவது பாடல்களின் உள்ளீட்டை மறைத்துவிடுகிறது.

களவுக் காலத்துச் சந்திப்புகளையும் தொல்காப்பியர் பகற்குறி, இரவுக்குறி எனப் பொழுதால் பகுக்கிறார். இரவுக்குறி மனையகத்தார் பேச்சொலி கேட்கும் எல்லைக்குள் நிகழ்வது. பகற்குறி அவ்வெல்லைக்கு அப்பால் நிகழ்வது. இருள் இருக்கும்போது இடம் அணித்தாகிறது, ஒளி இருக்கும்போது இடம் சேய்த்தாகிறது. மறைவைப் பொழுது தராவிடின் தொலைவு தரவேண்டும் என்பதே இப்பகுப்பின் உட்கிடை.

களவொழுக்கத்திலும் தலைவன் நாளும் ஓரையும் கருதாது ஒழுகுவதில்லை எனும் பொருள்படக் களவியலில் ஒரு நூற்பா அமைந்துள்ளது. ‘ஓரை’ என்னும் சொல் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்பாரும், விளையாட்டைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், மறைவான ஒழுக்கத்திற்கும் பொழுதறிதல் வேண்டும் என்னும் கருத்து இலக்கணத்திலேயே இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

புறப்பாட்டின் பொழுது: நற்றிணை 12

கயமனார் பாடிய நற்றிணை 12ஆம் பாடல் இவ்வினாவிற்கு நேரிய விடை தருகிறது. உடன்போக்கிற்கு உடன்பட்ட தலைவியின் தயக்கத்தைத் தோழி தலைவனுக்கு உணர்த்துவதாக அது அமைந்துள்ளது. தலைவி இருள் புலரும் விடியலில் தன்னை மறைத்துக்கொண்டு எழுகிறாள். அப்போது மனையில் தயிர் கடையும் மத்தின் ஒலி முழங்கிக்கொண்டிருக்கிறது. அவள் தன் காற்சிலம்பைக் கழற்றித் தன் விளையாட்டுப் பந்தோடு சேர்த்து வைக்கச் செல்கிறாள். காலையில் இவற்றைக் காணும் ஆயத்தார் வருந்துவரே என்னும் எண்ணம் அவள் கண்களில் நீரைத் தருகிறது.

பொழுதுத் தேர்வின் நோக்கில் இப்பாடலில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, விடியலில் வீட்டார் உறங்கவில்லை, கடைதலில் ஈடுபட்டுள்ளனர். தலைவி முழு அமைதியைத் தேரவில்லை, பிறிதொரு ஒலி தன் ஒலியை மூடும் பொழுதைத் தேர்கிறாள். யாமத்தின் அமைதியில் ஒரு கதவின் ஓசை ஊரை எழுப்பும். கடைகயிற்றின் ஒலிக்கிடையே அது கேட்காது. இரண்டாவது, சிலம்பைக் கழற்றுவதற்கு ஒலியை அடக்குதல் என்னும் உடனடிக் காரணம் உண்டு. மூன்றாவது, சிலம்பு கழித்தல் மணத்திற்கு முன் மகளிர்க்கு நிகழும் சடங்குமாகும். உற்றார் சூழச் செய்யவேண்டிய சடங்கைத் தலைவி தனியளாய், விடியல் இருளில், தன் கையாலேயே செய்து முடிக்கிறாள். உடன்போக்கில் மணச்சடங்கின் முதற்கூறு இல்லம் நீங்கும் அப்பொழுதிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

பெரும்பதுமனாரின் குறுந்தொகை 7ஆம் பாடல் வேறொரு காட்சியைத் தருகிறது. வழியிற் கண்டோர், ஆடவன் காலில் கழலும் மகளின் அடிமேல் சிலம்பும் இருப்பதைக் கண்டு இரங்குகின்றனர். அவளது சிலம்பே அவள் மணமாகாதவள் என்பதைக் காட்டிவிடுகிறது. பகலொளியில் வழி நடப்போரின் நிலையைக் கண்டோர் ஒரு பார்வையில் அறிந்துகொள்கின்றனர். நற்றிணைத் தலைவி எந்த இடரைத் தவிர்க்க முயல்கிறாளோ, அதுவே இங்கு நேர்ந்துள்ளது.

வழிநடையின் பொழுதைப் பொறுத்தமட்டில் சிலப்பதிகாரம் ஓர் ஒப்புநோக்கிற்கு உதவும். கோவலனும் கண்ணகியும் உடன்போகும் காதலர் அல்லர். எனினும் எவருக்கும் சொல்லாது ஊர் நீங்குவோர். அவர்கள் புகாரை நீங்குவது வைகறையில். மதுரைக்கு அணித்தாகப் புறஞ்சேரி இறுத்த காதையில், பகல் வெம்மையைக் கண்ணகி தாங்காள் என்பதால் நிலவொளியில் இரவில் நடக்கத் துணிகின்றனர். பாண்டியன் காவலில் இரவு வழி அச்சமற்றது என்பதும் அத்துணிவிற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பொழுதைத் தேர்வதில் வெம்மையும் காவலும் ஒருங்கே எண்ணப்படுவதை இங்கு அறியமுடிகிறது.

வதுவையின் பொழுது: அகநானூறு 86, 136

சங்ககால மணவிழாவை விரிவாகக் காட்டும் பாடல்கள் நல்லாவூர் கிழாரின் அகநானூறு 86உம், விற்றூற்று மூதெயினனாரின் அகநானூறு 136உம் ஆகும். முதற்பாடலில் வரிசையாகக் கால்நட்ட பந்தர், புதுமணல் பரப்பிய முற்றம், ஏற்றிய விளக்கு, தொங்கும் மாலை, உழுந்து சேர்த்த பொங்கல் ஆகியன உள்ளன. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் தலைவியை நீராட்டி வாழ்த்துகின்றனர். இவையனைத்தும் செறிந்த இருள் நீங்கிய காலைப் பொழுதில், தீய கோள்களின் சேர்க்கை இல்லாத திங்கள் நல்ல நாளோடு கூடிய வேளையில் நிகழ்கின்றன. இரண்டாம் பாடலில் புள் நிமித்தம் இனிதாக, விசும்பு தெளிந்து விளங்க, திங்கள் உரோகிணியைச் சேர்ந்த வேளையில் வதுவை நிகழ்கிறது. இரண்டிலும் தீ வலம் வருதலோ, மணம் செய்விக்கும் பார்ப்பாரோ குறிக்கப்படவில்லை.

86ஆம் பாடலில் திங்கள் வளைந்த பிறையாகக் கூறப்படுவது நுணுகி நோக்கத்தக்கது. வளர்பிறை மாலையில் மேற்கே தோன்றும், தேய்பிறையே விடியலில் கிழக்கே தோன்றும். ஆகவே விடியலில் பிறையைக் கண்ணாற் கண்டு மணம் நிகழ்த்தினர் எனக் கொண்டால் அது தேய்பிறையாதல் வேண்டும். தேய்பிறை உரோகிணியோடு விடியலில் தோன்றுவது, ஞாயிறு உரோகிணிக்குக் கிழக்கே ஓரிரு இராசி கடந்து நிற்கும் காலத்தில், அதாவது ஏறத்தாழ ஆனி, ஆடி மாதங்களில் ஆகும். வளர்பிறை எனக் கொண்டாலோ, மணப்பொழுதில் அது கண்ணுக்குத் தெரியாது. கணித்தே அறிந்திருத்தல் வேண்டும். பிற்கால வழக்கு வளர்பிறை முகூர்த்தத்தையே சிறப்பிக்கிறது. பாடலைக் கொண்டு இவ்விரண்டில் ஒன்றை உறுதிசெய்ய இயலாது. எனினும், பொழுதைக் கண்டு அறிதல், கணித்து அறிதல் என்னும் இரு முறைகளின் வேறுபாடு மணப்பொழுது ஆராய்ச்சிக்கு அடிப்படையானது என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.

விடியலில் விளக்கேற்றியிருப்பதும் கருதத்தக்கது. வானொளி போதாமையால் விளக்கு வேண்டப்படுகிறது. சிறிது நேரத்தில் வானொளியே போதுமானதாகிறது. இருளில் தொடங்கி ஒளியில் முடிவதாகச் சடங்கு அமைகிறது. உடன்போகும் தலைவி நீங்குவதும் அதே விடியலில்தான். ஒரே சிறுபொழுது இரு செயல்களுக்கும் பயன்படுகிறது. விடியலின் இருட்கூறு புறப்பாட்டை மறைக்கிறது; அதன் ஒளிக்கூறு வதுவையை ஊரறியச் செய்கிறது.

சென்ற இடத்தில் மணம்: கரணமும் காட்சியும்

கொடுப்போர் இல்லாத இடத்தும் கரணம் உண்டு, அது உடன்போன காலத்து நிகழும் என்னும் கருத்தைக் கற்பியல் தெளிவாக உரைக்கிறது. உடன்போக்கு மணத்திற்கு இலக்கணம் தந்த ஏற்பு இது. ஆனால் அக்கரணம் எப்பொழுதில் நிகழும் என்பதற்கு நூற்பாவில் விதியில்லை. ஐங்குறுநூற்றுப் பாலையுள் ஓதலாந்தையார், மகட்போக்கிய தாயின் இரங்கல், இடைச்சுரத்து நிகழ்வுகள், மறுதரவு என உடன்போக்கின் படிநிலைகளைத் தனித்தனிப் பத்துகளாகவே பாடியுள்ளார். அவற்றுள் 399ஆம் பாடலில் தலைவியின் தாய், சிலம்புகழி நோன்பைத் தலைவன் மனையிலே செய்துகொண்டாலும் வதுவையையாவது எம் மனையில் நிகழ்த்தலாகாதா என ஏங்குகிறாள். இங்கும் பொழுது கூறப்படவில்லை, இடமே வழக்காகிறது. தாய்க்கு வேண்டுவது நல்ல நேரம் அன்று, தன் கண்முன் நிகழ்தல்.

கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலமும் இவ்வமைப்பையே பெற்றுள்ளது. தோழி வள்ளியை முருகனிடம் ஒப்படைப்பது ஊர் உறங்கும் இரவில். தமர் அறிந்து தொடர்வதும், போரும், அவர் வீழ்ந்து எழுவதும் அதன்பின் நிகழ்கின்றன. இறுதியில் இருவரும் ஊர்க்கு மீள, நம்பி மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க, மணம் ஊரறிய நிகழ்கிறது. களவு இரவிலும் கற்பு வெளிச்சத்திலும் அமைவதைக் காண்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இக்கதையை அமைத்த ‘வள்ளி திருமணம்’ தென்மாவட்டக் கோயில் விழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக இரவு முழுதும் வெட்டவெளி மேடையில் நடிக்கப்பட்டு விடியலில் முடிவது வழக்கம். கோயிற்பொட்டலில் அமர்ந்து விடியும்வரை உடன்போக்குக் கதையைக் கண்டு மகிழும் ஊர், தன் தெருவில் அது நிகழும்போது அவ்வாறு ஏற்பதில்லை என்பது நாட்டார் வழக்காற்றியலார் கருதவேண்டிய முரண்.

காரியாபட்டி வட்டாரத்தின் கதிர்நிலையும் பருவமும்

காரியாபட்டி மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில், விருதுநகர் மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி அமைந்த வட்டத் தலைநகர். மானாவாரி வேளாண்மையும் கண்மாய்களும் சீமைக்கருவேலமும் நிறைந்த, நிழல் அருகிய நிலம். வெட்டவெளிச் சடங்கிற்குப் பொழுது தேரும் வினா இத்தகைய நிலத்தில் கூர்மை பெறுகிறது.

இவ்வூர் ஏறத்தாழ வடக்கு 9.7 பாகையில் உள்ளது. எனவே ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் ஞாயிறு உச்சிப்பொழுதில் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. நட்ட கோலுக்கு நிழல் விழாது. சித்திரைத் தொடக்கத்தில் அவ்வுச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 12:18க்கு அமைகிறது. இந்தியத் திட்ட நேரம் கிழக்கு 82.5 பாகைக்கு உரியதாகையாலும், இவ்வூர் அதற்கு மேற்கே இருப்பதாலும் இவ்வேறுபாடு நேர்கிறது. பாலைக்கு நண்பகலும் வேனிலும் இணைத்துக் கூறப்பட்டதன் பொருள் இந்நிலத்தில் கண்கூடாகும்.

ஞாயிறு எழும் நேரம் இங்கு ஆண்டு முழுதும் ஏறத்தாழ காலை 5:55க்கும் 6:40க்கும் இடையே மட்டுமே மாறுகிறது. அந்தியொளி நீடிப்பதில்லை, எழுவதற்கு முன்னும் பட்டதற்குப் பின்னும் விளக்கின்றி முகம் தெரியும் நேரம் 20 நிமிட அளவே. எழுந்த ஞாயிறு விரைந்து உயர்வதால் இளவெயில் 2 மணி நேரத்திற்குள் கடுவெயிலாகிறது. சித்திரை, வைகாசியில் திறந்தவெளியில் நின்று செய்யும் சடங்கு 8 மணிக்குள் முடிதல் நன்று. மாலை 5 மணிக்குமேல் வெம்மை தணியினும், கோடையிடி மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே வரும். ஐப்பசி, கார்த்திகையிலும் காலைப்பொழுதே ஒப்புநோக்கில் மழையச்சம் குறைந்தது. ஆடியில் காற்று பகல் ஏற ஏற வலுக்கும், பந்தலும் விளக்கும் நில்லா. எல்லாப் பருவத்தையும் கூட்டி நோக்கின், இந்நிலம் தன்னளவில் தேர்ந்து தரும் மணப்பொழுது விடியலை அடுத்த காலையே. அகநானூறு காட்டும் வழக்கும் இன்றைய விடியல் முகூர்த்த வழக்கும் கோள்நிலையால் மட்டும் அமைந்தன அல்ல என்பதற்கு இது துணையாகும்.

புறப்பாட்டிற்கும் இக்கணக்கு பொருந்தும். விடியலில் நீங்கிய இருவர் மணிக்கு 4 கி.மீ. நடந்தால் வெயில் உச்சியடையும் முன் 20 கி.மீ. கடக்கலாம். காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை 25 கி.மீ. அளவில் உள்ளது என்பதை எண்ணினால், ஒரு விடியல் எவ்வளவு தொலைவை ஈட்டித்தரும் என்பது விளங்கும். யாமத்தில் நீங்கியோர் இன்னும் தொலைவு செல்லலாம். ஆனால் வழியறியா இருளும் தனிமையும் அதனைப் பயனற்றதாக்கும்.

நல்ல நேரத்தை மறுத்தல்: சுக்கிலநத்தம், 1928

பெரியார் ஈ.வெ. இராமசாமி நடத்திவைத்த முதல் சுயமரியாதைத் திருமணம் 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நிகழ்ந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் இப்பகுதி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடும் 1931இல் விருதுநகரிலேயே கூடியது. புரோகிதர், மந்திரம், தீ ஆகியவற்றை நீக்கிய இம்மணமுறை முகூர்த்தத்தையும் நீக்கியது. மாலையிலும் இரவிலும், வேண்டுமென்றே ராகுகாலத்திலும் மணங்கள் நிகழ்த்தப்பட்டன. நேரம் தீங்கு செய்யாது என்பதைச் சொற்பொழிவால் மட்டும் நிறுவாமல், மணமக்களின் பின்னைய வாழ்வையே சான்றாக்கும் நோக்கம் இதில் இருந்தது.

ராகுகாலக் கணக்கையும் இங்கு நோக்குதல் தகும். பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, கிழமைதோறும் ஒரு பகுதியை விலக்குவது இம்முறை. ஞாயிறு எழுதல் 6 மணி, படுதல் 18 மணி எனக் கொண்டு, திங்கட்கிழமைக்கு 7:30 முதல் 9 வரை என நாட்காட்டிகள் அச்சிடுகின்றன. ஆனால் காரியாபட்டியில் ஜனவரி இறுதியில் ஞாயிறு எழுவது 6:40 அளவில். உண்மைப் பகலை எட்டாகப் பகுத்தால் திங்கட்கிழமை ராகுகாலம் ஏறத்தாழ 8:10 முதல் 9:35 வரை அமையும். அச்சிட்ட கணக்கின்படி 9 மணிக்குப் பின் தாலி கட்டுவோர், கணிதப்படி ராகுகாலத்திலேயே கட்டுகின்றனர். மரபை அதன் சொந்த அளவுகோலாலேயே சோதித்தாலும் அச்சிட்ட நேரம் நிலைபெறவில்லை.

நல்ல நேரமும் ராகுகாலமும் எமகண்டமும் அச்சிட்ட தினசரி நாட்காட்டிகளைப் பெருமளவில் அச்சிட்டு அனுப்பும் சிவகாசியும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அந்நேரங்களைப் புறக்கணித்த மணமுறை தொடங்கியதும் இம்மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலேயே. பொழுதைக் கண்டு அறிந்த சங்ககால வழக்கிலிருந்து, கணித்தறியும் பஞ்சாங்க வழக்கு, கிழித்தறியும் நாட்காட்டி வழக்கு, பொருட்படுத்தாத சீர்திருத்த வழக்கு என நான்கு நிலைகளை ஒரே வட்டாரத்தில் வைத்து ஆராயும் வாய்ப்பு இங்குள்ளது.

இம்மணமுறை பொழுதை விடுவித்ததேயன்றி, காட்சியை விடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சுயமரியாதைத் திருமணங்கள் பெரும்பாலும் அழைப்பிதழ், தலைமை, வாழ்த்துரை, திரண்ட கூட்டம் ஆகியவற்றோடு பொதுநிகழ்ச்சியாக நடைபெற்றன. மந்திரத்தின் இடத்தில் மக்கள் சான்றாக நின்றனர். மாலைப்பொழுதைத் தேர்ந்ததில் உழைப்போர் கூட இயலும் என்னும் பயனும் இருந்தது.

சட்டமும் பொழுதும்

1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பேரறிஞர் அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7–அ பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 1968இல் அது நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்த மணங்களும் செல்லுபடியாயின. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் கூறுதல், மாலை மாற்றுதல் அல்லது மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றே மணத்திற்குப் போதுமானது. இப்பிரிவில் இடத்திற்கும் பொழுதிற்கும் வரையறை இல்லை.

மணப்பொழுதை வரையறுத்த சட்டங்களும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், சில விலக்குகளுக்கு உட்பட்டு, மணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே நிகழவேண்டும் என விதிக்கிறது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் மணம் காலை 8 முதல் நண்பகல் 12 வரையே நிகழ இயலும். அவ்வெல்லை 1886இல் பிற்பகல் 3 மணிக்கும், 1934இல் மாலை 6 மணிக்கும் நீட்டிக்கப்பட்டு, 2012இல் சட்டத்திலிருந்து நீங்கியது. இவ்வரையறைகளின் நோக்கம் நன்னேரம் அன்று, மறைமணத்தைத் தடுத்தல். பகலொளியைச் சட்டம் சான்றாக நியமித்தது எனலாம். பொய்யும் வழுவும் தோன்றியபின் கரணம் வகுக்கப்பட்டது எனும் தொல்காப்பியக் கருத்தோடு இது ஒப்பிடத்தக்கது.

இந்நிலையில் அண்மைய தீர்ப்பொன்று கருதத்தக்கதாகிறது. வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நிகழும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் கருத்துரைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 28 அன்று அக்கருத்தை ஏற்க மறுத்தது. 7–அ பிரிவின் கீழான மணத்திற்குப் பொது அறிவிப்போ பெருங்கூட்டமோ தேவையில்லை. குடும்ப எதிர்ப்பிற்கு அஞ்சும் இருவரைப் பொதுவில் மணக்க வற்புறுத்துவது அவர்தம் உயிரையே இடருக்கு உள்ளாக்கக்கூடும் என்பது தீர்ப்பின் சாரம். சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கும் வழிமுறைகளை அந்நீதிமன்றம் 2018இலேயே வகுத்திருந்தது. வெளிச்சம் காக்கும் என்பது பழைய சட்டங்களின் எடுகோள். வெளிச்சமே அழிக்கவும் கூடும் என்பதை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

ஆயினும் பொழுது முற்றிலும் விடுதலை பெற்றுவிடவில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்னும் அகவை வரம்பு எம்மணத்திற்கும் பொது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 மணத்தைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியுள்ளது. பதிவு அலுவலகம் இயங்குவது பகலில். காதலர் அங்கே சென்று காத்திருக்க வேண்டியதும் பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே. வாயிலில் நிற்போரை எவரும் காணலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விடியல் முகூர்த்தத்தில் ஒலிபெருக்கி முழங்குவது இவ்வரம்பிற்குள் படும். பாலையின் நண்பகல் இன்று சுரத்தில் அன்று, அலுவலக வாயிலில் அமைந்துள்ளது. உடன்போக்கின் மிக இடர்மிகுந்த பொழுது என்னும் அதன் இலக்கணம் மட்டும் மாறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. உடன்போக்கிற்கு ஒரு பொழுது இல்லை, மூன்று உள்ளன: புறப்பாட்டின் விடியல், வழியின் நண்பகல், மணத்தின் காலை. இலக்கணம் திணைக்கு உரியதாகக் கூறிய நண்பகல் இவற்றுள் நடுவண் நிலையை மட்டுமே குறிக்கிறது. புறப்பாடும் வதுவையும் விடியலில் ஒன்றுபடுகின்றன. மறைத்தல், காட்டல் என்னும் இரண்டிற்கும் இடந்தரும் பொழுது அதுவே. காரியாபட்டி போன்ற நிழலற்ற நிலத்தின் வெயிலும் மழையும் காற்றும் இத்தேர்விற்கு வலுச்சேர்க்கின்றன.

சுயமரியாதைத் திருமணம் மணப்பொழுதை நாள்கோள் பிணிப்பிலிருந்து நீக்கியது. மக்கள் முன்னிலை என்னும் காட்சியைத் தக்கவைத்தது. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு அக்காட்சியின் அளவையும் மணமக்களின் விருப்பிற்கே விட்டது. ஆகவே வெட்டவெளியில் மணக்க விரும்பும் இருவர்க்கு இன்று நாள் நல்லதா என்பது இரண்டாம் வினா. அவ்வேளையில் உடனிருப்போர் எவர், தொடர்ந்து வருவோர் எவர், வெயிலேறுமுன் சென்று சேரத்தக்க இடம் எது என்பனவே முதல் வினாக்கள். நற்றிணைத் தலைவி மத்தொலிக்குச் செவிகொடுத்து நின்றபோது எண்ணியவையும் இவையே.

விருதுநகர் மாவட்டக் காதல் மணங்கள் நிகழ்ந்த நேரங்களை, மணமக்களின் அடையாளம் வெளிப்படாத முறையில், வாய்மொழித் தரவாகத் தொகுத்து இலக்கியச் சிறுபொழுதுகளோடு ஒப்பிடுவது அடுத்த கட்ட ஆய்வாக அமையலாம். அகத்திணை ஆய்வாளரும் சட்டவியல் ஆய்வாளரும் சேர்ந்து மேற்கொள்ளத்தக்க பணி அது.